கிடாய் வயிற்றில் மச்சான்

எங்கள் ஊர்ப் பக்கம் சொந்தபந்தம் பிரிவதற்குச் சொத்துத் தகராறு எல்லாம் வேண்டியதில்லை. ஒரு ஃபிளக்ஸ் பேனர் போதும். யார் படம் பெரிசு, யார் படம் சிறிசு, யார் தலைக்கு மேல் யார் கால் இருக்கிறது என்று பார்த்துப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளம். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. பிரித்த பெருமை முழுக்க என்னையே சேரும்.

மகள் யாழினிக்குக் காது குத்தியபோது பேனரை நானே டிசைன் செய்தேன். (அப்போது எனக்கு எல்லாம் தெரியும். இப்போதுதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது.) நடுவில் கூலிங் கிளாஸுடன் நான். பக்கத்தில் என் மனைவி ஜெயந்தி. மேலே மேகத்துக்குள் என் பெரியப்பா, சித்தப்பா வகையறா. காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் நாயகன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமன், அதாவது ஜெயந்தியின் அண்ணன் பாண்டி மச்சான், கீழே வலது மூலையில், பேனர் அடித்த கடையின் செல்போன் நம்பருக்குப் பக்கத்தில், ஸ்டாம்ப் அளவில் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடமலைக்குண்டிலிருந்து மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்த மச்சான் மண்டப வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். தன்னைத் தேடினார். கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. அவர் முகம் போன போக்கைப் பார்த்த நான் பதறிப்போய், மச்சான் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டு இன்னொரு பேனர் உடனே அடிக்கச் சொல்லி ஃபிளக்ஸ் கடைக்கு ஆள் அனுப்பினேன். அது பைக்கில் வந்து சேர்வதற்குள் காது குத்தி முடிந்து, மச்சான் கை நனைக்காமலே பஸ் ஏறிவிட்டார். தாய்மாமன் சாப்பிடாமல் போன விசேஷம் என்று ஊரே பேசியது. வந்த பேனரை விரித்துக்கூடப் பார்க்காமல், தோட்டத்துக் குடோனில் வாழைக்குக் கட்டும் கயிறுகளுக்கு அடியில் செருகினேன். வெட்கத்தில் ஜெயந்தியிடம்கூடச் சொல்லவில்லை. நாளடைவில் நானும் மறந்துபோனேன்.

ஜெயந்தி எதையும் மறக்கவில்லை. அதன் பிறகு அண்ணன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. பொங்கல் சீர் மட்டும் யார் கையிலாவது வரும். அன்றைக்கெல்லாம் ஜெயந்தி பொங்கலைக் கிண்டுகிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது. எங்கள் இரண்டாவது பிள்ளை, பையன், நடக்க ஆரம்பித்ததும் அவள் துணிந்து போன் போட்டாள். இவனையும் மடியில் வைக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறாள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வருவதாக மச்சான் சொல்லிவிட்டார்.

"சாப்பிடுவாகளா?" என்றேன்.

"வாரேன்னு சொன்னாக. சாப்பிடுறேன்னு சொல்லல. அண்ணே எங்கையால ஒரு வாய் சாப்பிட்டாப் போதுங்க எனக்கு. நீங்க தயவுசெஞ்சு எதையும் டிசைன் பண்ணாம இருங்க."

இந்த இடத்தில் என் பண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திராட்சைப் பந்தல், வாழை, தென்னை, கறவை மாடு, நாட்டுக்கோழி, வெள்ளாடு எல்லாம் உண்டு. வாசலில் 'ஒருங்கிணைந்த பண்ணை' என்று பெரிய போர்டும் உண்டு. வாசலை ஒட்டி, ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடாயைத் தனியாக அடைக்க ஓர் இடம் ஒதுக்கியிருந்தேன். அந்த இடத்தில்தான் போர்டு நிற்கிறது.

கிடாயின் பெயர் மைனர். பெயருக்கேற்ற நடத்தை. ஆடியில் அவனைப் பெட்டை ஆடுகளோடு சேரவிட்டால் ஐந்து மாதம் கழித்து மார்கழிக் குளிரில் குட்டி விழும். விழுகிற குட்டி தேறாது. ஆடியில் புதுமாப்பிள்ளையைப் பிரித்து வைக்கிற ஊரில் கிடாய்க்கு மட்டும் சலுகை காட்ட முடியுமா? தனியாக அடைக்க இடமில்லாததால் பழைய வழி ஒன்றைக் கையாண்டேன். கிடாயின் வயிற்றைச் சுற்றிச் சாக்கை வேட்டிபோலக் கட்டிவிடுவது. அவன் என்ன ஆசைப்பட்டாலும் சாக்கு குறுக்கே நின்று காரியத்தைக் கெடுத்துவிடும்.

மச்சான் வருகிற அன்று காலையில் பார்த்தால் சாக்கு இல்லை. பெட்டைகள் ஒன்றுகூடி அதைத் தின்றிருந்தன. (அவற்றின் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது.)

"ஏங்க, அண்ணே வர்ற நேரத்துல அந்த மைனர் ஏதாச்சும் கூத்துப் பண்ணி மானத்த வாங்கிரப் போறான். நல்லா மூடி வைங்க," என்று அடுப்படியிலிருந்து ஜெயந்தி சத்தம் கொடுத்தாள்.

குடோனுக்குள் ஓடினேன். வேறு சாக்கு இல்லை. கயிறுகளுக்கு அடியில் ஒரு ஃபிளக்ஸ் சுருள் கையில் தட்டுப்பட்டது. சட்டென்று என் மூளை வேலை செய்தது. ஃபிளக்ஸ் நனையாது, நாறாது, ஆடு தின்னாது. ஓரத்தில் கயிறு கோக்க ஓட்டைகூடப் போட்டே கொடுத்திருக்கிறார்கள்! இந்த யோசனை உலகத்தில் யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று வியந்துகொண்டே, வெள்ளைப் பின்பக்கத்தில் கோடு போட்டு வெட்டினேன். மை பட்டுக் கிடாய்க்குத் தோல் வியாதி வந்துவிடக் கூடாதே என்று அச்சடித்த பக்கத்தை வெளியே வைத்து, மைனரின் வலப்பக்கம் நின்று கட்டினேன். என் பக்கம் தெரிந்தது ஒரு ரோஜாப்பூவும் 'அன்புடன்' என்ற எழுத்தும்தான். பொருத்தமாகத்தான் இருந்தது. இடப்பக்கம் சுற்றிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மச்சான் வந்தார். ஜெயந்தி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். மருமகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனைக்கு அவர் மூக்கு ஒருமுறை திரும்பியதை நானும் பார்த்தேன், ஜெயந்தியும் பார்த்தாள். அவள் இலை போடக் கிளம்பினாள். அந்த நேரத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"மச்சான், இலை போடறதுக்குள்ள வாங்க, பண்ணையை ஒரு சுத்துப் பாத்துட்டு வந்துருவோம்."

ஜெயந்தி என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் இப்போது தெரிகிறது. அப்போது, கணவனின் சாமர்த்தியத்தைக் கண்டு பூரிக்கிறாள் என்று நினைத்தேன்.

கொட்டில் கதவைத் திறந்து, "நம்ம பண்ணையோட பெருமையே இவந்தான் மச்சான்," என்றேன். மைனர் கம்பீரமாக நடந்து வந்து இடப்பக்கத்தைக் காட்டி நின்றான். அவன் வயிற்றில் ரோஸ் கலர் சட்டை போட்டுக்கொண்டு, முழுப்பல்லும் தெரிய, இரண்டு கைகளையும் கூப்பி வருக வருக என்று எங்களை வரவேற்றுக்கொண்டிருந்தார் பாண்டி மச்சான்.

பின்னாலேயே ஓடிவந்த யாழினிதான் பேசினாள். "அப்பா! மாமா கெடா வயித்துல இருக்காக!"

மச்சான் கிட்டே போனார். குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து மைனர் ஒரு பெட்டையைத் துரத்தி முன்னங்கால்களைத் தூக்கிப் போட்டான். குறுக்கே விழுந்து தடுத்தது ஃபிளக்ஸ். வேண்டாம்ப்பா விட்டுரு என்று மச்சான் கைகூப்பிக் கெஞ்சுவது போலவே இருந்தது.

"மாப்ள, என்ன இது?"

"குடும்பக் கட்டுப்பாடு மச்சான்."

"எம்மொகந்தான் கெடச்சுதா அதுக்கு?"

"இல்ல மச்சான், இது ரொம்ப முக்கியமான எடம். இங்கன சும்மா எதையாச்சும் கட்ட முடியாது..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொன்னதையெல்லாம் இங்கே எழுத எனக்கே கூசுகிறது. மச்சான் பைக் சாவியை எடுத்தார். அவர் திரும்பி நடக்க, நான் அவர் கையைப் பிடிக்க, சாத்தாத கதவு வழியாக மைனர் எங்கள் இருவரையும் இடித்துத் தள்ளிவிட்டுத் திராட்சைப் பந்தலுக்குள் பாய்ந்தான்.

நான் ஓடினேன். தன் முகம் ரோட்டுக்குப் போவதைப் பார்த்து மச்சானும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ரோட்டில் திராட்சை பறிக்க வந்த பெண்கள் லோடு ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "இங்கன பாருங்கடி, கெடா கும்புடு போடுது!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கிடாயையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்களா இது? படத்துல நல்லா இருக்கீகளே," என்றாள்.

நான் பாய்ந்து பிடித்தேன். கையில் ஃபிளக்ஸ் மட்டும் வந்தது. மைனர் வந்த வழியே திரும்பி ஓடிவிட்டான். நடு ரோட்டில் மச்சானின் முகத்தை ஏந்திக்கொண்டு மச்சான் முன்னால் நின்றேன். என் மடத்தனத்தால் ஜெயந்தி மறுபடியும் அழப்போகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. வேறு வழி தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"உங்களுக்காக அன்னைக்கே அடிச்சது மச்சான். வாறதுக்குள்ள நீங்க பஸ் ஏறிட்டீக."

மச்சான் ஃபிளக்ஸைக் கையில் வாங்கினார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெருசாவா?"

"வெட்டுறதுக்கு முன்னாடி இன்னும் பெருசு."

"மீச நல்லா விழுந்திருக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் மாப்ள, இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு மச்சான்."

"இப்பப் பண்ணுனதுக்கு இல்லையாக்கும் வெக்கம்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. ஆட்டோ நின்ற இடம்வரை கேட்டிருக்கும்.

வீட்டில் ஜெயந்தி போட்ட இலைக்கு முன்னால் கண் கலங்க நின்றுகொண்டிருந்தாள். யாழினி முந்திக்கொண்டு செய்தி சொல்லியிருந்தாள். மச்சான் உள்ளே வந்து கையை மோந்து பார்த்தார். "ஆத்தா, கை கழுவணும், சோப்பு எடு. நல்ல சோப்பா எடு, கெடா வாட போகணும்," என்றார். சாப்பாட்டுக்குத்தான் கை கழுவுகிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், சோப்பை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மச்சான் மூன்றாவது முறை குழம்பு கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாப்பாட்டு மகிழ்ச்சியில் மைனர் திரும்பிப் போனது கொட்டிலுக்குத்தான் என்பதையும், அவன் இடுப்பில் இப்போது ஒன்றும் இல்லை என்பதையும் மறந்துவிட்டோம். மார்கழி முழுக்க எங்கள் வீட்டு ஹாலில் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஆட்டுக்குட்டிகள்தான் படுத்திருந்தன. நாங்கள் சமையலறையில் படுத்தோம்.

மாசியில் பையனுக்குக் காதுகுத்து. பேனர் பொறுப்பை ஜெயந்தி எடுத்துக்கொண்டாள். நடுவில் மச்சான், மூலையில் நான். கம்பம் கடைத்தெரு வழியாகத் தாய்மாமன் சீர் வந்தது. மேளம், தட்டு வரிசை, எல்லாவற்றுக்கும் முன்னால் மாலை போட்ட ஒரு கிடாய். அதன் வயிற்றில் புத்தம்புது ஃபிளக்ஸ். அதில் கூலிங் கிளாஸுடன், கைகூப்பியபடி நான். ரோட்டோரம் நின்றவர்கள் அதற்குத் திரும்பக் கும்பிடு போட்டார்கள். மச்சான் அன்று பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழியில் யார் யார் கும்பிட்டார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

அன்றைக்குக் கட்டிய இரண்டு பேனரும் ஒரே கடையில்தான் அடித்தது. இப்போதும் ஏதாவது விசேஷத்துக்கு அங்கே போய் நின்றால், கடைக்காரர் அளவு கேட்பதற்கு முன்னால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்கிறார்:

"வாசலுக்காண்ணே, கெடாய்க்கா?"