பிரகாசியம்மாளின் கல்லுக்குப் பின்னால்

அன்று மாலை நாலு மணிக்கு அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மைத்துனன் தங்கமணி, கோட்டாறு கம்ப்யூட்டர் மெக்கானிக் நவாஸ், மீன் வியாபாரம் செய்யும் சகாயமேரி, சகாயமேரியின் அம்மா பிரகாசியம்மாள். இவர்களில் பிரகாசியம்மாள் ஆறு வருடமாக அங்கேயேதான் இருந்தார். மற்ற நாலு பேரும் அன்று போய்ச் சேர்ந்தவர்கள்.

இவ்வளவு கறாராகக் கணக்குச் சொல்லக் காரணம் உண்டு. தங்கமணி சொல்லும் கதையில் பங்குச் சாமியாரும் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு நாயும் வருகிறார்கள். அப்படி யாரும் வரவில்லை. (நாய் வந்தது. ஆனால் வாசலோடு நின்றுவிட்டது.) என் மனைவி புஷ்பம் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனாலும் நான் அழுததை நடித்துக் காட்டுவது அவள்தான். நான் அழவில்லை. கடற்கரையில் காற்று அதிகம், கண்ணில் மண் விழத்தான் செய்யும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் அறிவு குறைவு என்று நினைத்துவிட வேண்டாம், நம்பிக்கைதான் குறைவு. படித்தவன் கையில் ஒரு காகிதம் கிடைத்தால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பான். நான் எதற்காக எழுதியிருக்கிறான் என்று யோசிப்பேன். பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடுதலோ என்று தோன்றும். சிரிக்காவிட்டால், கண்டுபிடித்துவிட்டேன் என்று பயப்படுகிறாரோ என்று தோன்றும்.

மயிலாடியில் எனக்கு ஒரு சிறிய கல்வெட்டுப் பட்டறை இருக்கிறது. கல்லறைக் கல், வீட்டுப் பெயர்க் கல், திறப்புவிழாக் கல் எல்லாம் செய்வோம். கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்தால், ஸ்டிக்கர் வெட்டும் மிஷின் அதைத் தாளில் வெட்டித் தரும். தாளைக் கல்லில் ஒட்டி, காற்றோடு மணலைப் பீச்சினால் எழுத்து கல்லில் இறங்கிவிடும். கம்ப்யூட்டரும் மிஷினும் அப்போதைக்குப் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரே ஆளிடம் செகண்ட்ஹேண்டாக வாங்கியவை. கம்ப்யூட்டருக்குள் விண்டோஸ் எக்ஸ்பி ஓடியது. மிஷினுக்கு அந்த எக்ஸ்பி ஒன்றோடுதான் பேச்சுவார்த்தை.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களின் பேங்க் கணக்கு காலியாகிறதாம், உடனே மாற்றவும், பத்துப் பேருக்கு அனுப்பவும். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நவாஸை வரச் சொன்னேன். அவன் கம்ப்யூட்டரின் முன்னும் பின்னும் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுக்கு நெட்டே கெடையாது. கள்ளன் வரணும்னா பஸ்சுலதான் வரணும்" என்றான். புதிதாக எதையாவது போட்டால் மிஷின் ஓடாது, இதை இப்படியே விட்டுவிடுங்கள் என்றும் சொன்னான்.

கொடுத்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்கை நான் அதுவரை கண்டதில்லை. இவன் ஏன் வேண்டாம் என்கிறான்? பழையதுக்குள் இவனுக்கு என்ன இருக்கிறது? எவ்வளவு தடுத்தானோ அவ்வளவு உறுதியாக மாற்றச் சொன்னேன். அவனும் பெருமூச்சு விட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் திறப்பது, சுங்கான்கடை ஏற்றத்தில் கல் லாரி ஏறுவது போல ஆகிவிட்டது. மிஷின் அசையவே இல்லை.

அந்த வாரம் பார்த்தா அசையாமல் இருக்க வேண்டும்? தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் புதிய குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில், கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் மந்திரித்துத் திறக்கும் அர்ச்சிப்பு. நன்கொடை கொடுத்த நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர்களையும் கல்லில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டினால்கூட ஒரு மாதத்தில் சமாதானம் ஆகிவிடலாம். நன்கொடைக் கல்லில் பெயரை விட்டால் மூன்று தலைமுறைக்குப் பகை. நான் விடப்போவது நூற்றுப் பன்னிரண்டு. அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததே சகாயமேரிதான். அவளுடைய அம்மாவுக்குக் கல்லறைக் கல் செய்தது எங்கள் பட்டறை. "நேர்மையான ஆளு" என்று கமிட்டியில் அவள் எனக்காகப் பேசியிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கோட்டாறு போனேன். பழைய எக்ஸ்பியையே திரும்பப் போட்டுத் தா என்றேன். நான் அப்பவே சொன்னேன் என்று நவாஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கம்ப்யூட்டரின் ஸ்குரூக்களை எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆறு. உள்ளே இருந்த சாமான்களில் சாக்பீஸால் அடையாளம் போட்டேன். பெயர்ப் பட்டியல் இருந்த பென் டிரைவ் கறுப்புக் கயிற்றில் என் கழுத்தில் கிடந்தது. ("தாயத்தா அண்ணாச்சி?" என்று கேட்டான். "கிட்டத்தட்ட" என்றேன்.)

எக்ஸ்பி சிடிக்கு நாகர்கோவிலில் நாலு கடை ஏறினோம். ஒரு கடையில் சிரித்தார்கள். இன்னொரு கடையில் இருந்த பெண், எக்ஸ்பி என்றால் என்ன என்று கேட்டாள். அவள் பிறந்தபோதே அது பழசாகியிருக்கும். கடைசியில் நவாஸ் தன் கடைப் பரணில் இருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினான். உள்ளே முப்பது சிடி இருக்கும். கம்ப்யூட்டரின் சிடி தட்டு திறக்க மறுத்ததால் குண்டூசியைச் சின்ன ஓட்டையில் குத்தித் திறந்தான். எக்ஸ்பி என்று எழுதியிருந்த முதல் சிடியில் யாருடைய கல்யாணமோ ஓடியது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவது ஓடியது, ஓடி வந்து, இருபத்தைந்து எழுத்துள்ள ஒரு நம்பரைக் கேட்டு நின்றது.

"எனக்கு ஒரு நம்பர் மனப்பாடமா தெரியும். போடட்டா?" என்றான் நவாஸ்.

"யாருக்க நம்பரு?"

"எல்லாருக்க நம்பருந்தான்."

எல்லாருடையது என்றால் யாருடையதும் இல்லை என்றுதானே அர்த்தம். அர்ச்சிக்கப் போகிற கல்லைத் திருட்டு நம்பரில் வெட்டுவதா? "வேண்டாம். எனக்குச் சொந்தமா நம்பர் உண்டு" என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

கம்ப்யூட்டரை எனக்கு விற்ற ஆள், அதன் பக்கவாட்டில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, "இந்த நம்பர் போச்சுன்னா கம்ப்யூட்டரும் போச்சு" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. காகிதத்தில் எழுதி வைத்தால் எலி தின்னும். போனில் வைத்தால் எவனாவது பார்ப்பான். கடைசியில் என் தொழிலுக்கு ஏற்ற வழி தோன்றியது. மிஷினை ஓட்டிப் பார்க்கிற சாக்கில், ஒரு கறுப்புக் கிரானைட் பலகையின் கீழ்மூலையில் இருபத்தைந்து எழுத்தையும் வெட்டினேன். யாரும் திருடிவிடாதபடி ஒட்டியிருந்த சீட்டை பிளேடால் சுரண்டி எடுத்தேன். பலகையை, எழுத்து சுவரைப் பார்க்கும்படி, கொட்டகையில் சாய்த்து வைத்தேன். உலகத்திலேயே பத்திரமான நம்பர் அதுதான் என்று நினைத்து ஒன்பது வருடம் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகும் ஆறு வருடம் தூங்கினேன், ஆனால் அந்த ஆறு வருடமும் நம்பர் அங்கே இல்லை.

கோட்டாறில் இருந்தே, பட்டறையில் இருந்த தங்கமணிக்குப் போன் போட்டு, கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்த கறுப்புக் கல்லின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்.

"அத்தான், அது கறுப்புக் கல்லுல்லா?"

"ஆமா."

"அத எடுத்தாச்சுல்லா. நீங்க நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப." (வாயு. டாக்டரே சொன்னார். நான்தான் அவரை நம்பவில்லை.) "கடப்புறத்துப் பாட்டிக்குக் கல்லு அவசரம்னாவ. கையில வேற கல்லு இல்ல. திருப்பிப் போட்டு பாலிஷ் பிடிச்சி எழுதியாச்சு."

"அதுல எழுத்து கெடந்தத நீ பாக்கலியாலே?"

"பாத்தேன். யாருக்கோ பேர தப்பா வெட்டிப் போட்டதாக்கும்னு நெனச்சேன்."

கடப்புறத்துப் பாட்டி என்று அவன் சொன்னது பிரகாசியம்மாளை.

நவாஸைக் கம்ப்யூட்டரோடு தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. கடையைப் பூட்டச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தங்கமணி பைக்கில் வந்து சேர்ந்தான்.

கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில், மதிலை ஒட்டினாற்போல் நிற்கிறது பிரகாசியம்மாளின் கல். மதிலுக்கும் கல்லுக்கும் இடையே ஒரு முழம் இருக்கும். எழுத்து மூலையில், தரையோடு இருந்தது. நான் பக்கவாட்டில் படுத்து நகர்ந்து உள்ளே போனேன். தங்கமணி போன் டார்ச்சை அடித்தான். நவாஸ் முன்பக்கம் உட்கார்ந்து பேப்பரும் பேனாவுமாகத் தயாரானான். நான் ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகத் தடவிப் பார்த்து உரக்கச் சொன்னேன், அவன் திருப்பிச் சொல்லி எழுதினான்.

ஐந்தாவது எழுத்தோ ஆறாவதோ, நான் வாயைத் திறக்கும் முன்பே நவாஸ் அடுத்த எழுத்தைச் சொன்னான். சரியாக இருந்தது. அதற்கடுத்ததையும் சொன்னான். அதுவும் சரி. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, மீதி எல்லாவற்றையும் பாட்டுப் போல ஒப்பித்தான். நான் கல்லுக்குப் பின்னால் கிடந்து ஒவ்வொன்றுக்கும் "ஆமா", "ஆமா" என்றேன்.

சரியாக அந்த நேரத்தில்தான், அம்மா இறந்த கிழமை என்று வியாழக்கிழமைதோறும் மெழுகுதிரி ஏற்ற வருகிற சகாயமேரி வந்து நின்றாள்.

அவள் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒருவன் அவள் அம்மாவின் கல்லறைக்கு முன்னால் கண்ணை மூடி என்னவோ ஜெபிக்கிறான். ஒருவன் விளக்குப் பிடிக்கிறான். கல்லுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் ஆமா போடுகிறது.

ஏலக்கூடத்தில் சகாயமேரி கூப்பிட்டால் கடலில் போகிற வள்ளம் திரும்பும். அன்று அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆராக்கும் எங்கம்மைக்க பொறத்தால?"

"நானாக்கும் மேரி. மயிலாடி."

"வெளிய வாரும்."

"வர முடியல. வயிறு மாட்டிக்கிட்டு."

"ஆருக்கு வைக்கதுக்கு ஓய் எங்கம்மைக்கிட்ட இருந்து மந்திரம் எழுதி எடுக்குதீரு?"

செய்வினை இல்லை, கம்ப்யூட்டர் நம்பர் என்றேன். மற்றவர்கள் சொன்ன எத்தனையோ உண்மைகளை நான் பொய் என்று நினைத்திருக்கிறேன். அன்று நான் சொன்ன உண்மை எனக்கே பொய்யாகக் கேட்டது. மூன்று பேரும் சேர்ந்து காலைப் பிடித்து இழுத்து என்னை வெளியே எடுத்தார்கள். (சட்டைப் பித்தான் ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது.) சகாயமேரி டார்ச்சை வாங்கி, குனிந்து, கல்லின் பின்பக்கத்தைப் பார்த்தாள். நிதானமாக நிமிர்ந்தாள்.

"அப்போ இது வேற எதுக்கோ வெட்டின கல்லு. புதுக் கல்லுன்னு சொல்லி எங்கம்மைக்க தலமாட்டுல கொண்டு நட்டீரு."

தங்கமணி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையில் போன் இருந்தது. கமிட்டிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், குருசடி வேலை போய்விடும். வாங்கிய முன்பணம் கல்லாகவும் புஷ்பத்தின் பல் வைத்தியமாகவும் ஆகிவிட்டது. கடற்கரை முழுக்க இனி ஒரு கல் எனக்கு விற்காது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதை நானாக இருந்தால் நம்புவேனா? கண்ணில் மண் விழுந்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் நவாஸ் வாயைத் திறந்தான். இதுவரை நான் ஒரு நிமிடம்கூட நம்பாத நவாஸ்.

"அக்கா, அண்ணாச்சி கல்ல மாத்துற ஆளு இல்ல. எனக்கக் கடைச் சாவிய இப்பமும் பையில போட்டு வச்சிருக்காரு, நான் கள்ளன்னு நெனச்சு. இந்த நம்பரு எனக்கு மனப்பாடம். பதினஞ்சு வருசம் முன்ன கோட்டாறு முழுக்க எல்லாரும் போட்ட திருட்டு நம்பராக்கும் இது. காலையிலயே சொன்னேன். திருட்டு நம்பரு வேண்டாம், சொந்த நம்பரு இருக்குன்னுட்டாரு."

சகாயமேரி என்னைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கல்லறைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். திருட்டு நம்பரைக் கிரானைட்டில் வெட்டி வைத்தவன் இந்த உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்டவனுக்கு ஏமாற்றத் தெரியாது என்றும்.

அன்று இரவே நவாஸ் நம்பரைப் போட்டான். எக்ஸ்பி வந்தது, மறுநாள் பட்டறையில் மிஷினும் அசைந்தது. சனிக்கிழமை கல் குருசடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பதிப்பதற்கு முன், கமிட்டிக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து கல்லைத் திருப்பி, பின்பக்கத்தை எல்லாருக்கும் காட்டினார்கள். ஒன்றும் இல்லை. கைதட்டினார்கள். இன்றைக்கும் என் பட்டறைக்கு வருகிற எவரும் கல்லின் முகத்தைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்க்கிறார்கள். வீட்டில் நான் ஒரு புடவை எடுத்து வந்தாலும், "பொறத்தால பாத்தாச்சா?" என்கிறாள் புஷ்பம்.

பிரகாசியம்மாளுக்குப் புதிய கல் வைத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சகாயமேரி கேட்கவில்லை. ஆறு வருடம் பழகிய கல்லை அசைத்தால் அம்மாவுக்குத் தூக்கம் கெடும் என்றாள். அதற்குப் பதிலாக ஒன்று சொன்னாள்.

"பேங்குல லாக்கருக்கு வாடக வாங்குவாவல்லா? எங்கம்ம ஆறு வருசமா உமக்க சாமானத்தப் பத்திரமா வச்சிருந்தா. வருசத்துக்கு ஐந்நூறு போட்டுக்கிடும்."

விளையாட்டு என்று நினைத்தேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போன் செய்து கூட்டிச் சொல்கிறாள். நம்பரைத்தான் நவாஸ் மனப்பாடமாக வைத்திருக்கிறானே, அதைக் கல்லிலிருந்து அழித்துவிட்டுக் கணக்கை முடித்துவிடுங்கள் என்கிறாள் புஷ்பம். முடியுமா? நவாஸின் தலையில் இருப்பதை எதை நம்பி விடுவது? அவன் நல்லவன்தான், ஆனால் மனிதன், மறந்துவிடுவான். காகிதத்தை எலி தின்னும். பிரகாசியம்மாள்தான் பத்திரம். அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஓடிவிட்டது. ஆக இன்றைய தேதிக்கு அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.