ஆறு வருஷத்து ஜாடி

"எனக்கு இவர் கையில இருக்கிற இந்த ஜாடிதான் வேணும்" என்று அந்த வெள்ளைக்காரம்மாள் விரலை நீட்டியதும் பதாவியின் கை அப்படியே நின்றுவிட்டது.

நிற்காமல் என்ன செய்யும்? ஆறு வருஷமாக அவன் தேய்ப்பது அந்த ஒரே ஜாடியைத்தான். அவன் கையில் இருந்தது பல்லெல்லாம் போன மொட்டை அரம். அதை வைத்து இன்னும் அறுபது வருஷம் தேய்த்தாலும் அந்தக் கல் ஜாடியாகாது. ஆகக் கூடாது என்றுதான் கடை முதலாளி ஹாஜி ஃபக்ரி அந்த அரத்தைக் கொடுத்திருந்தார்.

எகிப்தில், லக்ஸர் ஊருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில் எல்லோருக்கும் பிழைப்பே இப்படித்தான். சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் காலையில் ராஜாக்களின் கல்லறை, அப்புறம் ராணி கட்டிய கோயில், வெயிலில் மண்டை காய்ந்ததும் கல்ஜாடிக் கடை. சரக்கு எங்கேயோ மெஷினில் கடைந்து லாரியில் வந்து இறங்கும். வாசலில் மட்டும் நாலு பேர் நீள அங்கி மாட்டிக்கொண்டு, பாயில் உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே கல்லைத் தேய்க்க வேண்டும். கல்லறைச் சுவரில் தீட்டியிருந்த ஆளே இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டான் என்று பஸ்ஸில் வந்தவர்கள் வாயைப் பிளந்தால் போதும்.

பதாவி பி.காம். படித்தவன். "இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசினே, மவனே, அன்னைக்கே உன் கணக்கு தீர்ந்துச்சு" என்று ஹாஜி சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். படித்த படிப்புக்கு ஊமை வேஷம். கல் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்கவில்லை. முட்டி வேறு போய்விட்டது. இன்றைக்குத்தான் ஒரு வழி பிறந்திருந்தது. கல்லாவில் இருந்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான். "வர்ற பஸ்ஸு நல்லா வாங்கிட்டுப் போச்சுன்னா, நாளையிலேர்ந்து நீ உள்ள வந்து கல்லாவுல உக்காரு" என்று ஹாஜி காலையில் வாக்குக் கொடுத்திருந்தார். நாற்காலி! தலைக்கு மேலே மின்விசிறி! பதாவி உயிரைக் கொடுத்துத் தேய்த்தான். அந்த மும்முரம்தான் வினையாகப் போயிற்று.

"ஆகா, என்ன ரசனை மேடம் உங்களுக்கு!" என்றான் வழிகாட்டி எசாம். "அய்யாயிரம் வருஷமா இவங்க பரம்பரைக்கே இதுதான் தொழில். பார்வோன் ராஜாவுக்கே ஜாடி செஞ்சு குடுத்த குடும்பம்."

ரயிலில் டிக்கெட் கிழித்தே காலத்தை ஓட்டிய அப்பாவை நினைத்துப் பதாவி தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப எங்களுக்கும் இவர் கையால செஞ்சதுதான் வேணும்" என்றார் ஒரு தொப்பிக்காரர். பஸ் கூட்டம் மொத்தமும் ஆமாம் போட்டது. ஒருவரும் கடைக்குள் போகவில்லை. உள்ளே செம்பருத்திச் சாறு ஊற்றி வைத்த தம்ளர்களும், அலமாரி அலமாரியாக மெஷின் ஜாடிகளும் சும்மா கிடந்தன.

ஹாஜி வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே அரபியில் பல்லைக் கடித்தார். "டேய் எசாம், அது வேற ஆளு சொல்லி வெச்ச ஜாடின்னு சொல்லி, இதுங்களை உள்ள ஓட்டிட்டு வாடா."

எசாம் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னான். ஜாடி கேட்ட அம்மாளின் பெயர் உர்சுலா. அவள் முகம் சட்டென்று தெளிந்தது. "அப்படியா? அப்ப வேண்டாம். பாவம், வேற யாரோ ஆசைப்பட்டது. நான் உள்ள போய்ப் பாத்துக்கறேன்."

பதாவிக்கு உயிர் திரும்பி வந்தது. தொப்பிக்காரர் விட்டால்தானே! "அதெப்படி? இங்க முதல்ல ஆசைப்பட்டது நீங்கதானே? விட்டுக் குடுக்காதீங்க. நாங்கல்லாம் இருக்கோம்!" என்று அவளுக்காகச் சண்டைக்கு நின்றார். கூட்டம் கைதட்டியது. உர்சுலா எசாமைப் பார்த்தாள். எசாம் வானத்தைப் பார்த்தான்.

ஹாஜி பதாவியின் காதருகே குனிந்தார். "கழுவுற மாதிரி உள்ள எடுத்துட்டுப் போ. இதே அளவுல பளபளன்னு ஒண்ணு கொண்டுவந்து நீட்டு. தொலையட்டும்."

பதாவி போனான். வந்தான். நீட்டினான்.

தொப்பிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? இவ்வளவு சுளுவான வேலைக்கா உள்ள அந்த விலை போட்டு வெச்சிருக்கீங்க?"

கூட்டம் முணுமுணுத்தது. எசாம் குறுக்கே பாய்ந்தான். "இல்ல இல்ல! இது இவர் முன்னாடி செஞ்சது, மாதிரிக்குக் காட்டறார். மேடத்தோட ஜாடிய இனிமேதான் குடையணும். இப்ப உங்க கண்ணு முன்னாடியே குடைவார், பாருங்க!"

"யாரு?" என்று பதாவி அரபியில் கேட்டான்.

"நீதான்டா."

"எனக்குக் குடையத் தெரியாதுடா எசாம். நான் பி.காம்."

"எனக்கு மட்டும் பார்வோனைத் தெரியுமா? எடுத்துச் சுத்துடா!"

ரோட்டில் பஸ் டிரைவர் கிர்கிஸ் ஹாரனை அடித்தார். அடுத்த கோயிலை மூடிவிடுவார்கள் என்று அர்த்தம். ஒருவரும் அசையவில்லை. பதாவி, போட்டோ எடுக்கிறவர்களுக்காகச் சுவரில் மாட்டி வைத்திருந்த கைத்துளைப்பானை எடுத்தான். அதில் ஒட்டடை தொங்கியது. உள்ளே வைத்துவிட்டு வந்த தன் பழைய ஜாடியைக் கொண்டுவந்து இரண்டு கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டான்.

உர்சுலா தரையிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "கை வலிக்குதா இவருக்கு? எனக்கு இது வேண்டவே வேண்டாம்னு சொல்லுங்க. தயவு செஞ்சு விட்டுடச் சொல்லுங்க" என்றாள் எசாமிடம்.

ஒவ்வொரு வார்த்தையும் பதாவிக்குப் புரிந்தது. கண்டுபிடித்துவிட்டாள், நம்மை ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்தான். இப்போது விட்டால் குட்டு உடைந்தது, நாற்காலியும் போனது. தலையை ஆட்டி, அய்யாயிரம் வருஷத்துக் கலைஞன் மாதிரி ஒரு புன்னகை செய்து, துளைப்பானை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினான்.

டக்.

ஆறு வருஷம் இரண்டு துண்டாக மடியில் விழுந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

உர்சுலா முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். "ஒரு நல்ல கலைஞனை நாம சேர்ந்து வதைச்சுட்டோம்" என்று யாரோ சொன்னார்கள். தொப்பிக்காரர் பதாவியின் முகத்தைப் பார்க்காமலே அவன் உள்ளங்கையில் ஒரு நோட்டைத் திணித்தார். செத்த வீட்டிலிருந்து போகிற மாதிரி எல்லோரும் போய் பஸ்ஸில் ஏறினார்கள். எசாம் பின்னாலேயே ஓடினான். ஒரு ஜாடிகூட விற்கவில்லை. சாற்றில் ஈ மொய்த்தது.

"ஹாஜி, அந்த நாற்காலி..." என்று பதாவி எழுந்தான்.

"நாற்காலியா? பாயைச் சுருட்டுடா! உன் மூஞ்சியை இனிமே இந்தப் பக்கம் பார்த்தேன், தெரியும் சேதி!"

பதாவி இரண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். தூக்கியெறிய மனசு வரவில்லை. கோயில் மூடும் நேரம் தாண்டிவிட்டதால் கிர்கிஸ் அவசரமில்லாமல் பஸ்ஸில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, கையில ரெண்டு கிண்ணம்?"

பதாவி துண்டுகளைத் தூக்கிக் காட்டினான். "நாளைக்கு எனக்குக் கல்லா நாற்காலி கிடைச்சிருக்கணும்ணே. உங்க பஸ்ஸுல வந்த அந்தப் பொம்பளையால எல்லாம் போச்சு. பணத் திமிரு! பொழுது போகாம வந்து ஒரு ஜாடிக்கு ஆசைப்பட்டா, என் சோத்துல மண்ணு விழுந்துச்சு. அவளுக்கென்ன, நாளைக்குப் பிளேன் ஏறிப் போயிடுவா!"

கிர்கிஸ் பஸ் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"எந்தப் பிளேனு? ஊர் திரும்பக் காசில்லாம பத்து வருஷமா அக்கரையில கிடக்குதுப்பா அது. 'டூரிஸ்ட் மாதிரி கூட வா, எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல நீ ஆசைப்படு, மத்ததுங்க தானா வாங்கும்'னு எசாம்தான் இன்னைக்கு வேலைக்குச் சேர்த்தான், இப்ப அவனும் நிறுத்திட்டான். பின் சீட்டுல உக்காந்து, 'இங்க நிஜமா வேலை செஞ்சது அந்த ஒரு மனுஷன்தான், அவரையும் கெடுத்துட்டேனே'ன்னு தேம்பித் தேம்பி அழுவுது."