முதல் கியரும் என் சந்தேகமும்

யாரையும் நம்பாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அறுபத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். நிரூபிக்காத எதையும் ஏற்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, மீன்காரி "புது மீனாக்கும்" என்றால்கூட செவுளைத் திறந்து பார்க்கிறவனாகிவிட்டேன். (மீன் விஷயத்தில் இன்னும் அப்படித்தான்.)

ஐந்து வருஷத்துக்கு முன் என் தங்கை மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் அப்பா இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவர் உயிராக வைத்திருந்த கறுப்புக் கார் பாறசாலை வீட்டு ஷெட்டில் நின்றது. அறுபதுகளில் செய்த வண்டி. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஷீபா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பாவுக்க கார்ல நான் சர்ச்சுக்குப் போணும் மாமா."

அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவர் தங்கராஜ் ஒருவர்தான். அவள் அப்பாவின் சிநேகிதர்; ஆரியங்கோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். கேட்பதற்கு முன்பே, "நான் ஓட்டுகேன் சாரே" என்றார்.

இவருக்கு எதற்கு இவ்வளவு ஆர்வம்? கல்யாணச் சந்தடியில் வண்டியை அமுக்கப் பார்க்கிறாரோ? "தாய்மாமன் நான் இருக்கிறேனே, எனக்குச் சொல்லித் தந்தால் போதும்" என்றேன். தங்கையிடம் தனியாக, "சாவியை அவன் கையில் கொடுத்துவிடாதே" என்றும் சொல்லிவைத்தேன்.

நான் அதுவரை ஓட்டியது கியர் மாற்றும் வேலையே இல்லாத சின்னக் கார். பாடம் ரப்பர் தோட்டத்து மண்பாதையில் நடந்தது.

"இதுக்க முதல் கியரு வண்டி உருண்டுக்கிட்டிருந்தா விழாது. நிறுத்திட்டுத்தான் போடணும்" என்றார் தங்கராஜ்.

"ஏற்றத்திலுமா?"

"ஏத்தத்துக்குக் கீழயே நிறுத்திப் போட்டுக்கிடணும். சர்ச் ஏத்தம் லேசுப்பட்டதில்ல, கேட்டியளா?"

அந்த ஏற்றத்தின் கீழேதான் சொந்தக்காரர்கள் மொத்தமும் நிற்பார்கள். அங்கே என்னை நிறுத்தச் சொல்கிறார்! எஞ்சின் அணையும், நான் அசடு வழிவேன், இவர் வந்து சாவியை வாங்கிக்கொள்வார். அவருடைய திட்டம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. (என் மண்டையிலேயே உருவான திட்டம், புரியாமல் எப்படி இருக்கும்?)

கல்யாணத்தன்று காலையில் சீட்டுக்கடியில் கனத்த பலாக்கட்டை ஒன்று கிடந்தது. பெடலுக்கடியில் உருண்டு சிக்கட்டும் என்று போட்டிருக்கிறார்! எடுத்து ரப்பர் மரங்களுக்கிடையே வீசினேன்.

பின்சீட்டில் ஷீபாவும் என் தங்கையும். தங்கராஜ் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். (வேவு பார்க்கிறார்!) ஏற்றத்தடியில், "சாரே, நிறுத்துங்க!" என்று கத்தினார். நான் நிறுத்துவேனா? இரண்டாம் கியரிலேயே ஏறினேன். பாதியில் வண்டி முக்கியது. ஓட்டத்தோடு முதல் கியரைத் திணித்தேன். தகரப் பெட்டியில் ஆணியைக் கொட்டிக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. ஹேண்ட் பிரேக் மரியாதையாகக் கையோடு வந்தது, வண்டியைப் பிடிக்கவில்லை. கால் பிரேக் என்று நினைத்து இரண்டு காலாலும் கிளச்சை மிதித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, பின்னால போவுது!"

"தெரியும் மக்கா" என்றேன். அன்று காலை எனக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது அது ஒன்றுதான்.

திடீரென்று பின்னால் நொறுங்கும் சத்தம். வண்டி நின்றது. தங்கராஜ் தன் ஸ்கூட்டரைப் பின்சக்கரத்தின் அடியில் தள்ளிவிட்டிருந்தார். ஓடிவந்து முதலில் ஷீபாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஹேண்ட் பிரேக் பிடிக்காது, சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கலாம்னு ஒரு கட்ட போட்டிருந்தேனே, அது எங்க?"

"வீசிவிட்டேன்."

"எதுக்கு சாரே?"

தங்கைதான் சொன்னாள். "நீங்க வண்டியத் தட்டிக்கிட்டுப் போயிருவீங்கன்னாக்கும் அண்ணனுக்குச் சந்தேகம்."

தங்கராஜ் சக்கரத்தடியில் சப்பையாகிக் கிடந்த ஸ்கூட்டரைப் பார்த்தார். "எனக்கு அந்த ஸ்கூட்டரே போதுமாயிருந்துது சாரே" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாமா, எறங்குங்க" என்றாள் ஷீபா. தங்கராஜ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். எஞ்சின் முனகியதே தவிர, பிடிக்கவில்லை. கீழிருந்து ஓடிவந்த உறவினர்களோடு நானும் தள்ளினேன். அப்பாவின் காரிலேயே அவள் சர்ச் வாசலில் போய் இறங்கினாள். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது: ஜன்னலில் சிரிக்கும் மணப்பெண், பின்னால் குனிந்து தள்ளும், முதுகுத் தையல் விட்ட ஒரு கோட்டு. அந்தக் கோட்டுக்குள் இருப்பவன்தான் தாய்மாமன்.

தங்கராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். புது ஸ்கூட்டரும் வாங்கிக் கொடுத்தேன். ஸ்கூட்டரை அன்றே ஏற்றுக்கொண்டார். மன்னிப்பை ஏற்க ஒரு வருஷம் பிடித்தது, அது நியாயம்தான்.

இன்று எங்கள் குடும்பத்தில் யார் வண்டி நின்றாலும், "மாமாவ விளிங்க, தள்ளுகதுக்கு ஆளு வேணும்" என்பார்கள். போன மாதம் ஷீபா போன் செய்தாள்: கறுப்புக் கார் நெய்யாற்றின்கரையில் நின்றுவிட்டதாம். ஆட்டோ பிடித்துப் போனேன். ஸ்டியரிங்கில் தங்கராஜ், பின்சீட்டில் ஷீபாவும் அவள் மகளும்.

தள்ளினேன். பத்தடி போவதற்குள் உள்ளே குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. தங்கராஜின் தோளும் குலுங்கியது. எஞ்சினில் உண்மையிலேயே கோளாறு இருந்ததா என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

கேட்கவில்லை. இன்னும் பத்தடி தள்ளினேன்.