மலிவாகக் கிடைத்த தொலைநோக்கி

இந்த வருஷம் மைத்துனன்மார் வாயில் ஒரு துண்டு மலையாட்டுக் கறிகூட விழக் கூடாது என்று கெனெஷ் முடிவு செய்தான். முடிவு செய்த இடம் மாட்டுக் கொட்டகை. வீட்டுக்குள் முடிவு செய்கிற உரிமை அவனுக்குக் கிடையாது.

அவன் வயிற்றெரிச்சலில் நியாயம் இருந்தது. வேட்டையோடு இறங்கி வருகிறவனை வழிமறித்து எவன் "ஷிரால்கா!" என்று கூவினாலும் அவனுக்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவனுக்கு அதன் பிறகு ஒரு முயல்கூட மாட்டாது என்று நாரின் மலைப்பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். கெனெஷும் நம்பினான். அவன் மனைவி சைகாலுக்கோ தம்பிகள் மூன்று பேர். மலையிலிருந்து இறங்கும் இரண்டு பாதையிலும் காத்திருந்து வருஷா வருஷம் தொடை, விலா எல்லாம் வாங்கிக்கொண்டு போவார்கள். ஈரல் மாமியாருக்குப் போகும். வீட்டுக்கு வருவது கொம்பும் குளம்பும்தான்.

அதுகூடப் போகட்டும். தாய் செத்த பிறகு அவனை வளர்த்து ஆளாக்கிய அக்கா புருல்சா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள். பல்லெல்லாம் போய்விட்டது. ஈரல் என்றால்தான் மெல்லுவாள். "அடுத்த வருஷம் கட்டாயம்க்கா" என்று அவனும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். போன வருஷம் அவள் கேட்கவே இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

ஒரு தொலைநோக்கி இருந்தால் மலை உச்சியிலிருந்தே, எந்தப் பாதையில் எந்த மைத்துனன் பதுங்கியிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டு வேறு வழியாக இறங்கிவிடலாம். இதை மனைவியிடம் சொல்ல முடியுமா?

"டெலஸ்கோப்பா? எதுக்கு?" என்றாள் சைகால்.

"கிடாவா பெட்டையான்னு தூரத்துலேயே பாத்துச் சுடணும். பெட்டையைச் சுட்டா பாவம்."

"உங்களுக்குப் பாவ புண்ணியமெல்லாம் எப்பலேர்ந்து? சரி, நானும் வரேன். தனியாப் போனா கடைக்காரன் குப்பையை உங்க தலையில கட்டிடுவான்."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாளே என்று அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டான்.

சந்தைக் கடையில் மூன்று இருந்தன. கைக்கு அடக்கமான ஒன்று, பார்க்க லட்சணமாக, விலையைக் கேட்டால் நெஞ்சை அடைக்கிற மாதிரி. இன்னொன்று அறுபது மடங்கு பெரிதாகக் காட்டுமாம். கண்ணை வைத்தால் அறுபது மடங்கு மூடுபனிதான் தெரிந்தது. மூன்றாவது, பழைய ராணுவச் சரக்கு. முக்காலியில் பீரங்கி மாதிரி நின்றது.

சைகால் அதில் கண்ணை வைத்தாள். வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

"ஏங்க, அந்தக் குன்று மேல மேயுற ஆட்டோட காது தெரியுதுங்க! விலையும் இதுதான் கம்மி."

"கொஞ்சம் பெருசா இல்ல?"

"கண்ணாடி பெருசா இருந்தாத்தான் சாயங்காலத்துலயும் தெளிவாத் தெரியும்னு அண்ணன் சொல்றாரே, கேக்கல?"

கடைக்காரன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் வேகமாகத் தலையாட்டினான். காரில் கொண்டுபோய் வைத்தது சைகால்தான். அவள் முகம் சிவந்திருந்ததைக் குளிர் என்று கெனெஷ் நினைத்துக்கொண்டான்.

வேட்டைக்குக் கிளம்புகிற காலையில்தான் முதன்முதலாக அதைத் தூக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இதை முதுகுல கட்டிக்கிட்டு யாரு மலை ஏறுறது?"

"வீட்டுலேயே இருக்கட்டும்" என்றாள் சைகால், கரிசனமாக. "ஜன்னல்கிட்ட வெச்சிடறேன். வீணாவா போயிடும்?"

நாளைக்குப் பனி கொட்டினால் மலை மூடிவிடும். பரவாயில்லை, யாருமே போகாத ஓடைப் பள்ளம் ஒன்று இருக்கிறது, அதில் இறங்கலாம் என்று கெனெஷ் புறப்பட்டான்.

நல்ல கிடா விழுந்தது. கழுத்தை முறிக்கிற சரிவு வழியாக அதை இழுத்து வந்து, கீழே கட்டியிருந்த குதிரைமேல் ஏற்றினான். பாதைப் பக்கம் தெரியாதபடி ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து ஈரலை மட்டும் துணியில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். எது போனாலும் இது அக்காவுக்கு. ஓடைப் பள்ளத்தின் வாயில் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஷிரால்கா, மச்சான்!"

"டேய் தாயிர்! நீங்க எப்படிடா இங்க?" என்றான் மூத்த மைத்துனனிடம்.

"எங்க அக்கா போன்ல சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க சறுக்கி விழுந்ததுக்கு நாங்கதான் சிரிச்சோம், அவ பாவம், 'ஐயோ'ன்னா."

மூன்று பேரும் தங்கள் பங்கை அறுத்துக்கொண்டார்கள். கெனெஷ் கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, வீட்டில் குதிரையை விட்டுவிட்டு அப்படியே ஆற்றைக் கடந்துவிடலாம் என்று வந்து சேர்ந்தான்.

சைகால் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்காவைப் பாத்துட்டு வந்துடறேன்" என்றான் வாசலிலிருந்தே.

"போயிட்டு வாங்க. பங்கு போச்சேன்னு முகத்தைத் தூக்காதீங்க, என் தம்பிங்கதானே இந்த வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்தாங்க. ராத்திரி சாப்பிட வராங்க, சீக்கிரம் வந்துடுங்க."

"சரி" என்று காலை வெளியே வைத்தான்.

"ஏங்க, கோட்டுக்குள்ள இருக்கிற ஈரலை வெச்சிட்டுப் போங்க. வெங்காயம் நறுக்கியாச்சு."