நான் வேலையை விட்டுவிட்டேனா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் உடம்பளவில் சுகம். அங்கும் அப்படியே என்று தங்கை சொன்னதாக என் மனைவி சொன்னாள், நீங்கள் சொல்லவில்லை. என் கால் முறிந்து கிடந்தபோது மருத்துவமனைக்கு வந்தீர்கள். பக்கத்துக் கட்டில்காரரிடம் ஒரு மணி நேரம் பேசினீர்கள். என்னிடம் “சரி, வர்றேன்” என்றீர்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. போனில் பேசினால் தங்கை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள் என்பதால் எழுதுகிறேன். மாப்பிள்ளை, எனக்கு வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியவில்லை.

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நான் இருக்கும் பணியாளர் பிரிவைத் தணிக்கை செய்ய வெளியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஆளை எப்படி எடுக்கிறீர்கள், எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள், விடுப்பு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டே வந்தவர், “வேலையை விட்டுப் போறவங்களை உட்காரவச்சு, ஏன் போறீங்கன்னு கேக்கறதுண்டா?” என்றார். எங்கள் மேலாளரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பேச்சு வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் ஆபீசில் வெண்ணெய் என்போம், அந்த மனிதர் கூசாமல் “தவறாம கேக்கறோம் மேடம்” என்றார். இதுவரை போனவர்களில் ஒருவரிடமாவது கேட்டிருந்தால் நான் மொட்டை அடித்துக்கொள்கிறேன். அந்த அம்மாள் விடவில்லை. “அப்போ ஒண்ணு நடத்திக் காட்டுங்க, பார்க்கிறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகிற ஆள் யாரும் கையில் இல்லை. வெண்ணெய் சுற்றுமுற்றும் பார்த்தார். என் மேஜை கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பதால், அந்த வழியாகப் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் நான்தான் முதலில் படுவேன். “சார், நீங்கதான் போறவர். சும்மா ஒரு பாவனைக்கு” என்றார்.

வேறு எவனாவது என்றால், ‘இதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் வெண்ணெய் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு “எங்களை விட்டு ஏன் சார் போறீங்க?” என்று கேட்டபோது எனக்குள் என்னவோ கழன்றது. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஏன் என்று ஒருவரும் ஒன்றையும் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். எனக்கு வரவேண்டிய பதவி அவருடைய மச்சினனுக்குப் போனதைச் சொன்னேன். அந்த மச்சினனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான் என்பதையும் சொன்னேன். வருஷம் முடிவதற்கு முன்பே எல்லோருக்கும் மதிப்பெண் போட்டுவிடுவதையும், எனக்கு மட்டும் ‘சராசரி’ என்றே போடுவதையும், புகார்ப் பெட்டிக்குச் சாவி தொலைந்துபோய் அதன்மேல் பூச்சட்டி வைத்திருப்பதையும் சொன்னேன். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்த அம்மாள் மெதுவாக “அப்புறம்?” என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைக் கவிழ்த்தது. அப்புறம் நான் பேசியதை எழுதக் கை வரவில்லை. கடைசியில், நடைமுறைப்படி அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஒப்படைத்தேன். வெண்ணெய் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எனக்குக் கைகொடுத்தார். திருப்பித் தரவில்லை.

மறுநாள் வாயிற்காவலர் என்னைத் தடுத்தார். “நீங்க போயிட்டதா சொன்னாங்களே சார்?” அட்டை இல்லாததால் வெளியாள் பதிவில் எழுதச் சொன்னார். யாரைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் என் பெயரையே எழுதிவிட்டு உள்ளே போனேன். உள்ளே வெண்ணெயின் மச்சினன் என் மேஜையைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான். “சும்மாதான் சார்” என்றான். பிற்பகலில் கணக்குப் பிரிவுப் பெண் உறையோடு வந்தாள். “பிரிவு உபசாரத்துக்கு சார், உங்க பங்கு?”

“யாருக்கும்மா?”

“யாரோ போறாங்களாம் சார். பேர் இன்னும் சொல்லலை.”

கொடுத்தேன் மாப்பிள்ளை. கொடுக்காவிட்டால் கஞ்சன் என்பார்கள். ஒருவேளை எனக்கே என்றால், பரிசாவது கொஞ்சம் பெரிதாக வரட்டுமே.

என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். “நேரா அந்த ஆளுகிட்டயே போய் நான் வேலையில இருக்கேனா இல்லையான்னு கேளுங்களேன்.”

“கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டா?”

“அப்ப கேக்காம?”

“கேக்காத வரைக்கும் இருக்கேன்ல?”

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை. ஆபீசில் யார் செருமினாலும் என்னைக் கூப்பிடத்தான் என்று எழுந்து நின்றுவிடுகிறேன். வீட்டுக்கடன் இருக்கிறது, மகள் படிப்பு இருக்கிறது. இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்? உங்கள் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் ஓர் இடம் காலி என்று தங்கை வாய்தவறிச் சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை, போகட்டும். அதை எனக்குத் தர வேண்டும். வெண்ணெயைப் போன்ற பொய்யர், முதுகில் குத்துகிறவர், சோம்பேறி இருக்கிற இடத்தில் எனக்கு இனிமேல் மூச்சு விட முடியாது.

நீங்களும் தங்கையும் குழந்தைகளும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், நான் கேட்டதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

எதையும் மறவாத,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வெண்ணெய் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தணிக்கை அறிக்கை முதலாளி கைக்குப் போய்விட்டதாம். போகிறவர் நான் இல்லை, அவர். என் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, “போறவங்களைக் கட்டாயம் உட்காரவச்சுக் கேக்கணும்னு முதலாளி உத்தரவு சார். பிரிவுல மூத்தவர் நீங்க, நீங்கதான் என்னைக் கேக்கணும். அந்த அம்மாவும் பக்கத்துல இருப்பாங்களாம். நானும் உங்களை மாதிரி மனசுவிட்டுப் பேசலாம்னு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கோப்புகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நான் என்ன தேடுவேன் என்பது அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும் மாப்பிள்ளை. பாய் கொண்டுவந்து போட அனுமதி கொடுத்தவரே அவர்தான். ஆகவே மேலே எழுதியது எல்லாம் ஆத்திரத்தில் எழுதியது. அவர் தங்கமான மனிதர், உழைப்பாளி, உண்மையைத் தவிர வேறு பேசத் தெரியாதவர். அந்தக் காலி இடத்தை உடனே அவருக்குக் கொடுத்துவிடுங்கள். சம்பளத்தையும் தாராளமாகப் போடுங்கள். நான் அவரைக் கேட்க வேண்டிய நேர்காணல் வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் உங்கள் உத்தரவு அவர் கையில் இருந்தாக வேண்டும். சந்தோஷமாகப் போகிறவன்தான் ஒன்றும் சொல்லாமல் போவான்.