நூறாம் நாள் அப்பம்

சுஜானி சுட்ட அப்பம் பொங்கவேயில்லை. தாச்சியின் அடியில் தோசைமாதிரித் தட்டையாகக் கிடந்தது.

"கள்ளு விடாத மா எப்பிடிப் பொங்கும்?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

அவளுடைய புருசன் தர்மசீலன் குடியை விட்டு எண்பத்தைந்து நாள். துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்துகிறவன். நூறாம் நாளுக்கு என்ன வேண்டும் என்று அவள்தான் கேட்டிருந்தாள். கலியாணம் கட்டிய புதிதில் நிலாவெளி வாடகை வீட்டில் சுட்டுத் தந்தாயே, அந்தப் பாலப்பம் என்று சொல்லிவிட்டான்.

அந்த வீட்டில் ஒரே ஒரு கதிரை. சாப்பிடும்போது அதில் அவளை இருத்திவிட்டு, அவன் நிலத்தில் சம்மாணம் கட்டி எட்டு அப்பம் சாப்பிடுவான். அப்போது அவனிடம் குடி இல்லை, அவளிடம் சந்தேகம் இல்லை.

சரி, கள்ளு வேண்டும். ஆனால் குடியை விட்டவனிடம் கள்ளு வாங்கி வா என்று சொல்ல ஏலுமா? வீட்டில் கள்ளு இருக்கிறது என்றாவது சொல்ல ஏலுமா? ஆகவே மழை இல்லாத ஒரு பின்னேரம், மஞ்சள் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவளே கள்ளு விற்கிற தவறணைக்குப் போனாள். திருகோணமலை முழுக்க அப்படியொரு மஞ்சள் குடை அவளிடம் மட்டும்தான் இருந்தது. துறைமுகத்து ஆட்கள் இரண்டு பேர் குடையைப் பார்த்தே சுகம் விசாரித்தார்கள்.

கள்ளைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு கூடிவிட்டது. மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். வாங்கிய கள்ளுப் போத்தலை அலுமாரியில் கூறைச்சேலைக்குப் பின்னால் ஒளித்தாள். வாயில் மணம் நிற்குமோ என்று பயந்து கராம்பு சப்பினாள். அந்த வித்தையை அவளுக்குக் காட்டியவனே தர்மசீலன்தான். பதினொரு வருடம் கராம்பு சப்பிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தவன்.

"என்ன சப்புறாய்?" என்று அவன் கேட்டான்.

"பல்லுக்குத்து."

அவன் குசினிக்குள் போய்க் கராம்பு டப்பாவைத் திறந்து பார்த்தான்.

அதன் பிறகு ஆள் மாறிப்போனான். வேலையால் வந்ததும் முகத்துக்குக் கிட்ட முகம் வைத்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். கடைக்கு நான் போகிறேன், நீ இரு என்றான். தவறணைச் சந்தியைக் கடக்கும்போது புதுமாப்பிள்ளை மாதிரி அவள் கையை இறுக்கிப் பிடித்தான். சுஜானிக்கு நிலாவெளிக் காலம் திரும்பி வந்ததுபோல் இருந்தது. இரண்டு நாள் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது. முன்பெல்லாம் தர்மசீலனுக்கு அன்பு கூடினால், எங்கேயோ பிழை விட்டிருக்கிறான் என்று அர்த்தம். போதாததற்கு அந்த வியாழக்கிழமை ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தான். கேட்டால், வேலை என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போவது அவளுக்குத் தெரியும். வியாழனில் என்ன வேலை?

அலுமாரியைத் திறந்தாள். போத்தல் இருந்தது. உள்ளே ஒரு சொட்டும் இல்லை.

சுஜானி கட்டிலில் இருந்துவிட்டாள். நீ இனி ஒரு தரம் குடித்தால் மூதூரில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லி வைத்தவள் அவள். அவளுக்குப் போக விருப்பமில்லை. அதைவிட, கள்ளை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததே அவள்தான். அன்றிரவு நித்திரையாய்க் கிடந்தவனின் வாயை மோந்து பார்த்தாள். தேத்தண்ணி மணம்தான். கராம்பை விட்டுவிட்டு வேறு ஏதோ பழகிவிட்டான் என்று முடிவு செய்தாள்.

நம்புங்கோ, பின்னால திரியாதேங்கோ என்று கூட்டத்து ஆலோசகர் அவளுக்குச் சொல்லியிருந்தார். அடுத்த வியாழக்கிழமை அவள் மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு பின்னால் திரிந்தாள்.

தர்மசீலன் தவறணையைத் தாண்டிப் போனான். சாராயக்கடையையும் தாண்டினான். கடைசியில், ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற அதே மண்டபத்துக்குள் நுழைந்தான். இந்த மனிசனைப் போய்ச் சந்தேகித்தேனே என்று சுஜானி வாசலிலேயே நின்று அழுதாள். அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், கள்ளு, கராம்பு எல்லாவற்றையும்.

கூட்டத்துக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற சிவகுருநாதன் வெளியே வந்தார். குடியை விட்டுப் பன்னிரண்டு வருடமான பெரிய மனிதர். குடையைப் பார்த்தார், அவளுடைய அழுத முகத்தைப் பார்த்தார். ஒரு கோப்பையை அவள் கையில் வைத்தார்.

"வெக்கப்படாமல் உள்ளுக்கு வாங்கோ தங்கச்சி, முதல் நாள் எல்லாருக்கும் கஷ்டம்தான், அவர் உங்கட போத்தலைக் கிணத்தடியில ஊத்திப்போட்டு வந்த நாளில இருந்து, உங்களுக்கெண்டு பக்கத்தில ஒரு கதிரை பிடிச்சு வைச்சிருக்கிறார்."