ஏழுமலை தப்பு

மாணவன் செய்த தப்புக்கு அவன் பெயரையே சூட்டி, அதைச் சாகாவரம் பெற வைத்த பேராசிரியர் உலகத்திலேயே எங்கள் திருவண்ணாமலை ‘தப்பு சார்’ மட்டும்தான்.

காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கிறார். சரியாகப் போட்ட கணக்கைப் பார்த்தால் கொட்டாவி விடுவார். எவனாவது புதிதாக ஒரு தப்பு செய்துவிட்டால் போதும், முகமெல்லாம் பல்லாகிவிடும். “அடடா, இத இதுவரைக்கும் யாரும் பண்ணதில்லடா! உன் பேரு என்ன?” என்று கேட்டு, போர்டில் கட்டம் கட்டி எழுதுவார். ரஃபீக் தப்பு, பச்சையம்மா தப்பு என்று அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் பாடம்.

முதல் கட்டம் எனக்குத்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. x² = 5x என்ற கணக்கில் இரண்டு பக்கமும் ஒரு x-ஐ அடித்துவிட்டு, விடை ஐந்து என்று கம்பீரமாகச் சொன்னேன். x பூஜ்யமாகவும் இருக்கலாம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அன்று பிறந்தது ‘ஏழுமலை தப்பு’.

பிறகு வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை, கல்யாணம், ஒரு மகள். வீட்டில் நான் கணக்கில் புலி என்று அளந்து வைத்திருந்தேன். போன வருஷம் மகள் அதே காலேஜில் கணிதம் சேர்ந்தாள். முதல் வாரமே வந்து கேட்டாள்.

“ஏம்பா, ஏழுமலை தப்புனு ஒண்ணு சொல்லித் தர்றாங்க. யாருப்பா அது?”

“நம்ம ஊர்ல ஏழுமலைக்கா பஞ்சம்? யாரோ!”

மறுநாள் காலையிலேயே காலேஜுக்கு ஓடி, வராந்தாவில் சாரைப் பிடித்தேன்.

“சார், பொண்ணு முன்னாடி மானம் போயிடும். அந்தப் பேர மட்டும் எடுத்துடுங்க சார்.”

“வந்து ஒருதரம் பாரு. அப்பவும் வேணாம்னா எடுத்துடறேன்” என்று வகுப்புக்கு இழுத்துப் போனார்.

போர்டில் என் கணக்கையே எழுதி ஒரு பெண்ணை அழைத்தார். அவள் x-ஐ அடிக்கச் சாக்பீஸை ஓங்கினாள். “ஏழுமலை! ஏழுமலை!” என்று வகுப்பே கத்தியது. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, பூஜ்யத்தையும் சேர்த்து எழுதினாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

“வருஷா வருஷம் எத்தினி பேரக் காப்பாத்தற பாரு! இத எடுக்கணுமா?” என்றார் சார்.

அதற்குள் மூன்றாவது பெஞ்சில் இருந்த மகள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் வாசலைப் பார்த்து நழுவினேன். அவள் எழுந்து நின்று கத்தினாள்:

“சார், அந்த ஏழுமலை எங்கப்பாங்க சார்! நேத்து அவர் முழிச்ச முழியிலயே கண்டுபிடிச்சிட்டேன்!”

அந்தக் குரலில் வெட்கம் துளி இல்லை, பெருமைதான் இருந்தது. வகுப்பு மொத்தமும் எழுந்து கை தட்டியது.

“இருக்கட்டும் சார்” என்றேன். என் தப்பை இத்தனை வருஷம் இவ்வளவு ஆசையாக வேறு யார் வைத்திருப்பார்கள்?